நடைவழிக்குக் கிளிப்பச்சை

அத்தியாயம் 14

"இதைக் கிளிப்பச்சைன்னு சொன்னா கிளி கேஸ் போடும், மம்மி."

வியாழக்கிழமை காலை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கிறிஸ்டோபர் சொன்னான். நோரா டிபன் டப்பாவை மூடி அவன் பையில் வைத்தாள். பெயிண்ட் கடை ஷேட் கார்டுகளில் ஒன்றில் அந்த நிறத்தைச் சுற்றி அவள் பேனாவால் வட்டம் போட்ட ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் இந்த ஒரு பேச்சுதான்.

முழு மஞ்சளும் இல்லை, முழுப் பச்சையும் இல்லை. தபால்தலை அளவுச் சதுரத்திலேயே கண்ணைக் கூசவைத்தது. அதையே கேட்டிலிருந்து ஹால் வரை வரும் நடைவழியின் இரண்டு பக்கச் சுவரிலும் ஆள் உயரத்துக்கு அடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தால் நோராவுக்கே கொஞ்சம் பயம்தான்.

"பெங்களூர் ஆட்டோவுக்கு மேல மஞ்சள், கீழ பச்சை. நீங்க ரெண்டையும் கலக்கிட்டீங்க. வாசல்ல ஒரு மீட்டர் மட்டும் மாட்டிடுங்க" என்றான். "ஞாயித்துக்கிழமை மெர்சி வீட்டுக்காரங்க வந்து மினிமம் சார்ஜ் எவ்வளவுன்னு கேப்பாங்க."

ஹாலில் நாற்காலியில் இருந்த ஓஸ்வால்ட் சிரித்துவிட்டார். அப்பாவின் சிரிப்பைக் கேட்டதும் கிறிஸ்டோபரின் முகம் சுண்டிப்போனது.

"டாடி, நீங்க சிரிக்காதீங்க."

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அப்பா சிரித்ததற்கு மகனுக்கு ஏன் கோபம் வரவேண்டும் என்று நோராவுக்குப் புரியவில்லை. கல்யாணப் பையன், ஆயிரம் டென்ஷன் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

டென்ஷனுக்குக் காரணமும் இருந்தது. வரும் ஞாயிறு காலைப் பூசையில் கிறிஸ்டோபருக்கும் மெர்சிக்கும் முதல் ஓலை. பங்குச் சாமியார் இரண்டு பேர் பெயரையும் கோவிலில் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சபையிடம் கேட்பார். மூன்று ஞாயிறு அப்படி வாசித்து, யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால்தான் கல்யாணம். முதல் ஓலை முடிந்த கையோடு மெர்சி வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். பெண் வாழப்போகிற வீட்டைப் பார்க்க.

அதற்குள் பெயிண்ட் வேலை முடிந்தாகவேண்டும். ஆனால் நோரா பெயிண்ட் அடிக்கச் சொன்னது சம்பந்திகளுக்காக அல்ல. ஓஸ்வால்டுக்காக.

இருபது வருடமாக அவர் கண் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. முதலில் ராத்திரியில் தெரியவில்லை. பிறகு பக்கவாட்டில் தெரியவில்லை. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்பார். இரண்டு வாரத்துக்கு முன்னால், நடைவழியின் நடுவில் இருக்கும் இரண்டு படிகளில் கால் தவறி விழுந்து நெற்றியில் ஐந்து தையல். சொந்த வீட்டில் துணையில்லாமல் நடக்க முடியவில்லையே என்று அன்றைக்கு அவர் குலுங்கிக் குலுங்கி அழுததை நோரா இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

தையல் பிரித்த கையோடு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். டாக்டரைப் பார்க்க அவர் பிடிவாதமாக மறுத்துவிட்டதால், அங்கே ஆலோசனை சொல்லும் பெண்தான் வழி காட்டினாள். சுவரும் வெள்ளை, படியும் வெள்ளை என்றால் மங்கிய கண்ணுக்கு எல்லாம் ஒரே பாலாகத்தான் தெரியும். சுவருக்கும் படியின் விளிம்புக்கும் அழுத்தமான நிறம் கொடுங்கள், எது அவருக்கு எடுப்பாகத் தெரிகிறதோ அதையே அடியுங்கள் என்றாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரை நடைவழியில் உட்காரவைத்து, பதினொரு கார்டுகளை ஒவ்வொன்றாகப் பெயரை வாசித்து நீட்டினாள். மூன்று சுற்று. மூன்று முறையும் அதே கார்டில் அவர் கையைத் தூக்கினார்.

"இதான் நோரா. பளிச்சுன்னு தெரியுது."

பளிச்சென்று தெரிகிறது என்று அவர் வாயால் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது. அந்த நிறம் நோராவுக்குப் பிடித்துப்போக அதுவே போதும்.

ஒன்பது மணிக்கு பெயிண்டர் எத்திராஜ் ஈஜிபுராவிலிருந்து ஆள் ஒருவரோடு வந்து இறங்கினார். ஏணி, சாக்கு, ரோலர், ஒரு பழைய ரேடியோ. பெங்களூருக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் திருவண்ணாமலைப் பேச்சு போகாத மனிதர். கார்டில் இருந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அக்கா, இந்தக் கலர நான் இதுவரைக்கும் ரெண்டே எடத்துலதான் அடிச்சிருக்கேன். ஒரு பிளே ஸ்கூலு, ஒரு ஜூஸ் கடை."

"மூணாவதா எங்க வீடு" என்றாள் நோரா.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா மதில்மேல் கையூன்றி எட்டிப் பார்த்தாள். கன்னடம் பாதி, தமிழ் பாதியாக, இதென்ன நோராம்மா, எங்கள் கோயில் கோபுரத்துக்கே இப்படி அடிக்கமாட்டார்களே என்று கேட்டாள். நோரா சிரித்துக்கொண்டே காரணத்தைச் சொன்னாள். லட்சுமம்மாவின் கண் கலங்கிவிட்டது. புருஷன் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று வீட்டையே நிறம் மாற்றுகிற பெண்டாட்டி எங்கே கிடைப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நோராவுக்கு அன்று முழுவதும் அந்த வார்த்தை உள்ளுக்குள் இனித்திருக்கவேண்டியது. மத்தியானம் வரைதான் இனித்தது.

பள்ளி நூலகத்துக்கு அவள் மூன்று நாள் லீவு சொல்லியிருந்தாள். பதினோரு மணிக்கு, ஞாயிறு விருந்துக்குக் கறி சொல்லி வைக்கவும் புது மேஜைவிரிப்பு வாங்கவும் சிவாஜிநகர் பஸ் பிடித்தாள். திரும்பி வந்தபோது மணி இரண்டு. எத்திராஜும் அவருடைய ஆளும் கேட்டுக்கு அருகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடைவழியில் ஓஸ்வால்ட் நின்றுகொண்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சி பார்க்கிறவர்போல. அவள் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வந்துட்டியா? பாத்தியா நோரா, நான்தான் சொன்னேன்ல. என்னா பச்சை. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் தெரியுது எனக்கு."

நோரா சுவரைப் பார்த்தாள்.

சுவர் வெள்ளையாக இருந்தது.

பிரைமர் என்கிற வெள்ளை அடிப்பூச்சு மட்டும்தான் ஓடியிருந்தது. கடையில் கரண்ட் இல்லாததால் நிறம் கலக்கும் மெஷின் நின்றுவிட்டது, டின் மூன்று மணிக்குத்தான் வரும் என்று எத்திராஜ் அவளுக்குப் போனில் சொல்லியிருந்தார். அதை ஓஸ்வால்டிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பெயிண்ட் வாசனை வந்தது. ரோலர் ஓடும் சத்தம் கேட்டது. அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

எத்திராஜ் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு நோராவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாங்க" என்றாள் நோரா. "நல்லாத்தான் இருக்கு."

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் அழுதாள்.

எப்போது அவர் கண்ணின் அந்தக் குழாயும் அடைந்துபோனது? டீ டம்ளரை எப்போதும் ஒரே இடத்தில் வை என்று அவர் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. கண்ணாடி பவர் சரியில்லை, பேப்பரை நீயே படி என்று சொன்னது. கிறிஸ்துமஸ் குடிலை வைத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டபோது, போன வருஷத்தைவிட நன்றாக இருக்கிறது என்றாரே. குருடாகவா நின்று சொன்னார்? சிரித்துக்கொண்டா?

முகத்தைத் துடைத்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாதவர் மூன்று முறையும் ஒரே கார்டை எப்படிச் சரியாகச் சொன்னார்?

அவள்தான் பெயரை வாசித்தாள். நூலகத்தில் இருபத்தாறு வருஷம், எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் தலைப்பை வாய்விட்டு வாசித்து நீட்டுகிற பழக்கம். அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. பெயரைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பெயருக்காகக் காத்திருந்திருக்கிறார்.

ஆனால் அந்தப் பெயர் எதற்கு? பார்க்க முடியாதவருக்கு நிறத்தில் என்ன பிடிவாதம்? அவரிடமே கேட்கலாம்தான். கேட்டால், பொய் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்தச் சிரிப்பை உடைக்க மனசு வரவில்லை.

மூன்று மணிக்கு டின் வந்தது. ஐந்தரைக்குள் எத்திராஜ் இரண்டு சுவருக்கும் முதல் கோட் முடித்து, படிகளின் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையும் இழுத்துவிட்டார். நிஜமான பச்சை. சுவர் இரண்டும் உள்ளே விளக்கு வைத்ததுபோல் நின்றன. கிளம்பும்போது பல்பு ஹோல்டரைக் கழற்றி வைத்திருக்கிறேன், காலையில் மாட்டுகிறேன், சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி நின்றார். ஏதோ சொல்ல வந்தார். சொல்லாமலே வண்டியை எடுத்தார்.

ஜனவரி மாதம். ஆறரைக்கெல்லாம் நடைவழி பாதி இருட்டிவிட்டது. ஹால் வாசற்படியில் உட்கார்ந்திருந்த நோராவுக்கு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கிறிஸ்டோபர். பல்பு இல்லை, படி பார்த்து வா என்று கத்த வாயைத் திறந்தாள்.

கத்தவேண்டியிருக்கவில்லை. வேகமாக வந்தவன் படிக்கு முன்னால் டக்கென்று நின்றான். கீழே பார்த்தான். பச்சைப் பட்டையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அளந்து வைப்பதுபோல் ஒரு கால் வைத்தான். அடுத்த கால். இரண்டாவது படியில் குனிந்து, அந்தப் பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தான். நன்றாக இருக்கிறதா என்று தொடுகிற தொடுகை இல்லை அது. ஆள் தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்தவன் தொடுகிற மாதிரி இருந்தது.

பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய படி. அதற்கு எதற்கு இவ்வளவு பார்வை?

நோராவுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதே படியில் போன மாதம் இரண்டு தடவை முட்டியை இடித்துக்கொண்டானே. போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன் என்றானே. தீபாவளி சமயத்தில் பைக்கை விற்றான். மெட்ரோதான் சௌகரியம் என்றான். நைட் ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டான். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து வரும்போது வழி நெடுக அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை ஊர் பார்க்க அம்மா தோளில் கை போட்டுக்கொண்டு வருகிறான் என்று அவள் எவ்வளவு பெருமைப்பட்டாள்.

"உனக்கு எப்பலேருந்துடா?" என்றாள்.

கிறிஸ்டோபர் நிமிர்ந்தான். அம்மா அங்கே உட்கார்ந்திருப்பது அதுவரை அவனுக்குத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து ஓஸ்வால்டின் குரல் வந்தது. "நோரா, அவனை வாசல்ல நிக்க வெச்சுக் கேக்காத. உள்ள வாங்க, ரெண்டு பேரும்."

ஹாலில் டியூப்லைட் எரிந்தது. கிறிஸ்டோபர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். சொல்லவேண்டியதை ஓஸ்வால்டே சொன்னார்.

"எனக்கு ஆகஸ்ட்லயே போயிடுச்சு. முழுசா. உங்கிட்ட சொல்ல தைரியம் வரல. அக்டோபர்ல இவன் ரிப்போர்ட்டோட வந்து என் பக்கத்துல உக்காந்தான். எனக்கு என்ன வியாதியோ அதேதான். அந்த ஆஸ்பத்திரியில இவனையும் ஒரு இருட்டு ரூம்ல உக்காரவெச்சு கலர் காட்டியிருக்காங்க. எது நல்லா தெரியுதுன்னு கேட்டதுக்கு இந்தப் பேரைத்தான் சொன்னான். அதான் நான் இந்தப் பேரைச் சொன்னேன். இந்தக் கலர் எனக்கில்ல, நோரா."

கோலார் தங்கவயலில் ஓஸ்வால்டின் அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் கண் போனது. சுரங்கத்துக்குள் முப்பது வருஷம் இருட்டில் கிடந்தவருக்குக் கண் போகாமல் என்ன செய்யும் என்று சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். அந்த இருட்டே வேண்டாம் என்றுதான் ஓஸ்வால்டை பெங்களூர் ஃபேக்டரிக்கு அனுப்பினார்கள். அவருக்கும் மங்கியபோது, வெல்டிங் பொறியைப் பார்த்துப் பார்த்துப் போயிற்று என்றார்கள். பையனையும் ஒருமுறை கூட்டிவாருங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு நோரா சிரித்தாள். பையனுக்கு இருட்டும் வேண்டாம், பொறியும் வேண்டாம் என்றுதானே கம்ப்யூட்டர் படிக்கவைத்திருந்தார்கள். ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்குக் கண்ணுக்கு என்ன வரும்?

மூன்று தலைமுறையாக வேலையின்மேலேயே பழி போட்டு வந்திருக்கிறார்கள். அது ரத்தத்தில் இருந்திருக்கிறது.

"நான் கேக்கல, மம்மி" என்றான் கிறிஸ்டோபர். "டாடிதான் கேக்காம செஞ்சாரு. வேணாம்னு நாலு நாளா கத்தறேன். காலையில எழுந்து அந்தச் சுவத்தைப் பாத்தா, டாடியோட நாற்காலியில நான் உக்காந்திருக்கறதுதான் தெரியும்."

நோரா அவன் தலையைத் தொடப் போனாள். கை பாதியிலேயே நின்றது. அவளுக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

"மெர்சிக்குத் தெரியுமா?"

கிறிஸ்டோபர் அப்பா பக்கம் திரும்பினான்.

"கிறிஸ், அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"மூணு ஓலையும் முடியட்டும், மம்மி. அப்புறம் நானே சொல்லிடறேன்."

"உனக்குப் பொறக்கற பிள்ளைக்கு?"

"பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொன்னாரு. வரலாம், வராமலும் போகலாம்."

ஓஸ்வால்ட் நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்தார். "உனக்கும் யாரும் சொல்லலையே நோரா. நாம வாழலையா?"

"யாருக்கும் தெரியாது, அதனால சொல்லல. இப்ப தெரியும்ங்க."

"தெரிஞ்சிருந்தா?" கிறிஸ்டோபர் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான். அவ்வளவு நேராகப் பார்த்தால்தான் அவனுக்குத் தெரிகிறது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "தெரிஞ்சிருந்தா நீங்க டாடியைக் கட்டியிருப்பீங்களா?"

கட்டியிருப்பேன் என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை சின்னப் பொய் சொல்லியிருக்கிறாள். மத்தியானம்கூட ஒன்று சொன்னாள்.

"தெரியலடா" என்றாள்.

ஓஸ்வால்ட் தலை குனிந்தார். அந்த மனிதரை அவள் ஒருநாளும் இப்படி அடித்ததில்லை.

"தெரியல. ஆனா என்கிட்ட கேட்டிருந்தா, நான்தான பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதிலா யாரோ சொல்லியிருக்கமாட்டாங்க."

மேஜையில் அவளுடைய போன் அடித்தது. திரையில் மெர்சி.

கிறிஸ்டோபர் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். இரண்டு கைகளையும் கூப்பினான். ஏழாம் வகுப்பில் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து வாங்கும்போது கூப்பியது. அதற்குப் பிறகு இன்றுதான். நோரா போனை எடுத்தாள்.

மெர்சி காக்ஸ் டவுனில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். அப்போதுதான் வேலை முடித்து வெளியே வந்திருக்கிறாள் போல. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. கிறிஸ் போனை எடுக்கவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா இனிப்புக்கு வட்டலப்பம் செய்து கொண்டு வருகிறாளாம், அங்கிளுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாளாம். மூச்சு விடாமல் பேசிவிட்டுச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, வீட்டுக்கு ஏதோ பயங்கரமான பச்சை அடிக்கறீங்களாமே. எதுக்கு ஆன்ட்டி அந்தக் கலர்?"

ஓஸ்வால்ட் மனைவி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஒரு சாண் தள்ளித் திரும்பியிருந்தது.

"மெர்சி, நாளைக்கு லீவு போட முடியுமாம்மா?" என்றாள் நோரா. "நீ மட்டும் வா. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"கிறிஸ் நல்லா இருக்காரா, ஆன்ட்டி?"

நோரா மகனைப் பார்த்தாள். அவன் கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை.

"நாளைக்கு வேணாம்" என்றாள் மெர்சி. "நான் இப்பவே கிளம்பி வர்றேன்."

போன் கட்டானது. காக்ஸ் டவுனிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகிவிடும், அரை மணி. நோரா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் அவளைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.